தட்டில் வந்த இலை

வேலை செய்கிற மூக்கு ஒன்று என்ன விலை என்று அந்தச் சனிக்கிழமை காலையில் யாராவது கேட்டிருந்தால், சாம்பசிவன் தன் சைக்கிளைக் கொடுத்து, மேலே கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்திருப்பார். பேரமே பேசியிருக்க மாட்டார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வெற்றிலைக் கடை போட்டவரின் மகன் பேரம் பேசாமல் ஒன்றை வாங்கத் துணிகிறார் என்றால், ஜலதோஷம் எவ்வளவு முற்றியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளை மோந்து பார்த்து, தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சொல்லியே பிழைத்தவர் அவர். ஓய்வு பெற்று மேற்குத் தாம்பரத்தில் குடியேறிய பிறகு, போலீஸுக்குப் போக முடியாத வழக்குகள் அவர் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுக் கிட்டு, தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவன், லீவு நாட்களில் வந்து உட்கார்ந்துகொள்வான். அவனுக்கும் மூக்கில் ஒரு பெருமை உண்டு. டப்பாவைத் திறக்காமலே காபிப் பொடியில் சிக்கரி எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவான்.

அன்றைக்கு வந்த அம்மாள் உட்காரவில்லை. வெள்ளைப் புடவை, கையில் மடக்கிய குடை. வகுப்பில் யாரோ சத்தம் போட்டதைக் கண்டுபிடித்துவிட்ட வாத்தியார் முகம்.

"என் பேர் ரத்தினபாய். என் தம்பி ஒரு மரத்தை வெட்டிட்டான். வெட்டினது எந்த மரம்னு பொய் சொல்றான். உங்க மூக்கு நல்ல மூக்குன்னு சொல்லி அனுப்பினாங்க."

சாம்பசிவன் பதிலாக மூன்று முறை தும்மினார்.

"நல்லா அனுப்பினாங்க" என்றாள் ரத்தினபாய். "மோந்து பாக்க ஆள் தேடினா மூக்கடைச்சவரா கிடைக்கணும்."

"மூக்குக்குக் கிட்டு இருக்கான். என்கிட்டக் கண்ணு இருக்கு. உக்காந்து சொல்லுங்க, இல்லைன்னா நின்னுக்கிட்டே சொல்லுங்க. கேக்கறது நான்தான்."

அவள் நின்றுகொண்டே சொன்னாள். இறந்துபோன அவளுடைய அப்பா வேதசிரோமணி, ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் தாண்டி ஒரு நிலம் வாங்கி, முன்பக்கம் வீடு கட்டி, நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விதையில் இரண்டு தைல மரங்கள் வளர்த்தார். இரண்டும் ஒரே குடும்பம், வேறு இனம். வருஷத்துக்கு ஒரு தரம் இரண்டுமே பட்டையை உரித்துப் போட்டுவிட்டு வழுவழுவென்று நிற்கும். இரண்டுக்கும் அரிவாள் போல் வளைந்த இலை. அடிமரத்தில் அங்கங்கே விரல் வைத்து அமுக்கியது போல் பள்ளம். ஒன்றின் பட்டை கொஞ்சம் வெளுப்பு, மற்றதில் புள்ளி கொஞ்சம் அதிகம் என்பார்கள். ஆனால் வெயில் மாறினால் நிறமும் மாறும். அதை நம்பிச் சத்தியம் செய்ய முடியாது. இலையைக் கசக்கினால்தான் குட்டு வெளிப்படும். ஒன்று எலுமிச்சை மணக்கும். மற்றது வலிக்குத் தடவும் தைலம் போல் காரமாக ஏறும். அப்பா மாணவர்களைக் கூட்டிவந்து, "கண்ணை மூடுங்கள், அப்போதுதான் தெரியும்" என்பாராம்.

அந்த மனிதர் உயிலிலும் மூக்கை நம்பினார். எலுமிச்சை மணக்கும் மரம்தான் எல்லை. அதற்கு வீட்டுப்பக்கம் மகன் ஐசக்குக்கு, அந்தப் பக்கம் மகள் ரத்தினபாய்க்கு. கிணறு இரண்டு மரங்களுக்கும் நடுவில் இருந்தது. அப்படியானால் வீட்டை ஒட்டிய மரம் எலுமிச்சை என்றால் கிணறு அக்காவுக்கு. தள்ளி நிற்கும் மரம் எலுமிச்சை என்றால் கிணறு தம்பிக்கு.

ரத்தினபாய் நாசரேத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், வீட்டை ஒட்டிய மரம் வேரோடு போயிருந்தது. சுவரை வேர் பிளக்கிறது என்றான் ஐசக். வெட்டியது தைல வாசனை மரமாம். நிற்பதுதான் எலுமிச்சை என்றும் சொன்னான். அக்கா நேர்மாறாகச் சொன்னாள். சபைக் கமிட்டியின் மூப்பர் லாசரஸ் இன்னும் இரண்டு பேரோடு வந்து விசாரித்தார். வராந்தாவில் உட்கார்ந்தார்கள், காபி வந்தது, பிறகு பீங்கான் தட்டில் இலை வந்தது. ஆளுக்கொன்று கசக்கினார்கள். எலுமிச்சை.

"நீங்களும் மோந்தீங்களா?" என்று கேட்டார் சாம்பசிவன்.

"மோந்தேன். எலுமிச்சைதான்."

"அப்ப நீங்கதான் பொய் சொல்றீங்கன்னு கமிட்டி நினைச்சா அதுல என்ன தப்பு?"

குடையின் நுனி தரையில் ஒரு தட்டுத் தட்டியது. மரத்தடிக்குப் போய்த் தானே ஒடித்துப் பார்க்கிறேன் என்று எழுந்தாளாம். ஐசக் குறுக்கே நின்றான். குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம் அம்மா என்று லாசரஸ் அவளை உட்காரச் சொன்னார். அதற்குமேல் அந்தக் கேட்டுக்குள் அவளை விடவில்லை. அவள் பங்கு நிலத்தில் இரண்டு இடத்தில் தோண்டியாகிவிட்டது, இரண்டும் உப்பு. மழை ஏமாற்றிய அந்த எழுபத்து நாலாம் வருஷத்தில், கிணறு இல்லாத நிலத்தில் வீடு கட்ட எந்த மேஸ்திரியும் வரமாட்டான். ஓய்வூதியத்தில் அஸ்திவாரம் போட்டுவிட்டு, குரோம்பேட்டையில் வீட்டுக்காரி பக்கெட் எண்ணித் தண்ணீர் கொடுக்கிற ஓர் அறையில் இருந்தாள்.

"அந்த ரெண்டு மரத்தையும் எனக்கா அடையாளம் தெரியாது?" என்றாள். "எலுமிச்சை இலையைப் பீரோவுல புடவைக்கு நடுவுல வெப்போம், பூச்சி வராது. அப்பாவுக்கு இழுப்பு. அவருக்கு ஆவி பிடிக்க மத்த மரத்து இலைதான். தம்பி பெண்டாட்டி தபீதாள் வந்த புதுசுல மாத்திப் போட்டு, அப்பா ராத்திரி பூரா இருமினார். அவ்வளவு கெட்டிக்காரி. நான் குடுத்த குடுப்புல அப்புறம் அந்தத் தப்பை அவ செய்யவே இல்லை."

*

கேட்டைத் திறக்காமலே ஐசக் பேசினான். ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட்; சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் தீர்ப்பு வாங்கிய தைரியம்.

"எங்க அக்கா தன் மூக்கை நம்பாம வாடகைக்கு மூக்கு எடுத்திருக்காளா?" சாம்பசிவன் தும்மியதும் இன்னும் குஷியாகிவிட்டான். "அதுவும் ரிப்பேர் மூக்கு. பரவாயில்லை, வாங்க. தாராளமா மோந்து பாத்துட்டுப் போங்க. கீழ கிடக்கிறதை எடுத்துக்குங்க. மரத்துல மட்டும் யாரும் கை வெக்கக் கூடாது. கிணத்துல தழை விழுது."

மரத்தில் கை வைக்க நினைத்தாலும் முடியாது. ஆள் உயரத்துக்கு மேலும் கிளைகளை நறுக்கிவிட்டிருந்தான். வெளுத்த அடிமரம் மொட்டையாக உயர்ந்து, இலை எல்லாம் உச்சியை ஒட்டி இருந்தது. கிட்டு தரையில் குனிந்து ஓர் இலையை எடுத்துக் கசக்கினான். எலுமிச்சை. நாலடி தள்ளி இன்னொன்று. எலுமிச்சை. கிணற்றோரம் ஒன்று. அதுவும் எலுமிச்சை. சர்பத் கடையில் நிற்பது போல் இருந்தது. அந்த அம்மாள் தோற்றுவிட்டாள் என்று அவனுக்கு வருத்தமாகவும், தன் மூக்கு ஜெயித்துவிட்டது என்று சந்தோஷமாகவும் இருந்தது.

சாம்பசிவன் இலையை மூக்கருகே கொண்டுபோகவில்லை. போய் என்ன பயன்? வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடிக்காக வெயிலில் போட்ட கறிவேப்பிலை போல, பச்சை வெளிறிக் காய்ந்திருந்தது. தரை முழுக்க அதே நிறம்.

"தினம் பெருக்குவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"என் பெண்டாட்டி பெருக்குவா. நேத்து சாயங்காலம்கூடப் பெருக்கினா. சுத்தத்தையும் துப்பறியணுமா?"

அதற்குள் அவருக்குத் தும்மல் தொடர் ஓட்டமாகப் பிடித்துக்கொண்டது. சமையலறைப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஐசக், கிட்டுவை மட்டும் வீட்டின் முன்பக்கம் இழுத்துப் போய்ச் சுவரில் இருந்த விரிசலைக் காட்டினான். அக்கா சின்ன வயசிலிருந்தே அப்பாவுக்குச் செல்லம், வாத்தியார் வேலை வந்ததும் தலைக்கனம், இப்போது அவன் குடிக்கிற தண்ணீரிலும் கண் என்று விரிசலைவிட நீளமாகப் பேசினான். கேட்பது போல் நின்ற கிட்டுவின் கண்ணுக்கு, சமையலறை ஓட்டுக்கு மேலே ஒரு துறட்டியின் நுனி ஆடுவது தெரிந்தது. மூங்கில் கழி ஒரு வெட்டு வெட்டி இழுத்து இறங்கியது. மத்தியானச் சாம்பாருக்கு முருங்கைக்காய் பறிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அவர்கள் பின்பக்கம் திரும்பி வந்தபோது படியில் சாம்பசிவன் இல்லை. ஒரு ஜமுக்காளம் உட்கார்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து ஆவி கசிந்தது. பக்கத்தில் தபீதாள், ஒல்லியான பெண்பிள்ளை, கொதிக்கும் பானையின் மூடியைத் துணியால் பிடித்தபடி நின்றாள்.

"யார் வீட்டு ஆளுக்கு யார் உபசாரம் பண்றது?" என்று சீறினான் ஐசக்.

"தும்மிக்கிட்டே இருக்கார்" என்றாள் அவள். "அதுல நான் கட்சி பாக்க முடியுமா?"

ஜமுக்காளம் விலகியது. தக்காளி போல் சிவந்த முகத்தோடு சாம்பசிவன் வெளியே வந்தார். ஒரு தரம் இழுத்து மூச்சு விட்டார். பிறகு இன்னொரு தரம், ருசி பார்க்கிறவர் போல.

"பக்கத்து வீட்ல மீன் குழம்பு" என்றார். "கோவளத்து மீனாத்தான் இருக்கணும். ரொம்ப நன்றிம்மா."

பானையின் தைல நெடி கொல்லை முழுக்க நிறைந்திருந்தது. ஆனால் ஐசக் அந்த நெடியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு அது வீட்டுக் காற்று, வாசனை அல்ல. அவனுக்கு ஆத்திரமெல்லாம் ஜமுக்காளத்தின் மேல். இரண்டு பேரையும் கேட்டுவரை தள்ளாத குறையாகக் கொண்டுவந்து விட்டான்.

"முடிஞ்சுது அண்ணா" என்றான் கிட்டு, தெருவுக்கு வந்ததும். "எலுமிச்சை மரம்தான். அந்தம்மாதான் புளுகறாங்க."

"உன் மூக்கு நல்லா இருந்துது, அதனால ஏமாந்தே" என்றார் சாம்பசிவன். "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் கமிட்டியை இங்க வரச் சொல்லு. அந்தம்மாவையும்."

*

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மூப்பர் லாசரஸ் பெரிய உடம்பும் அதற்கேற்ற மரியாதையும் உள்ளவர். வராந்தாவின் நல்ல நாற்காலி அவருக்கு. மற்ற இரண்டு பேர் அவருக்கு இருபுறமும். ரத்தினபாய் ஒரு தூணருகே நின்றாள். தீர்ப்பான விஷயத்தைக் கிளறுவது சபைக்கே அவமானம் என்று ஐசக் ஆரம்பித்தான். சாம்பசிவன் முந்தின நாள் இலையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து லாசரஸ் கையில் வைத்தார்.

"மரம் தானா உதிர்க்கிற இலை பழுத்து, மஞ்சளாகி, சிவந்து விழும். இது பச்சையாவே காஞ்சிருக்கு. வெட்டின கிளையில இருந்த இலை. வெட்டின மரத்து இலையைக் கொண்டுவந்து நிக்கிற மரத்தடியில தூவியிருக்காங்க."

"இந்த மரத்துலயும்தான் கீழ்க்கிளை வெட்டினேன்" என்றான் ஐசக். பதில் தயாராக இருந்தது. "அந்த இலை அது. பெரிய கண்டுபிடிப்பு."

"எப்ப வெட்டினீங்க?"

"அக்கா ஊர்ல இல்லாதப்ப. ரெண்டு மரத்துலயும் ஒரே நாள்ல ஆள் விட்டேன்."

"மாசம் ஆகுது. முந்தாநாள் சாயங்காலம் பெருக்கின தரையில அது நேத்துக் காலைல எப்படி வந்துது? எங்கயோ மூட்டை கட்டி வெச்சிருந்தாத்தானே? பழுத்த இலை ஒண்ணுகூட அங்க இல்லை. இந்த மரம் உதிர்த்ததை எல்லாம் பொறுக்கிட்டு, உதிர்க்காததைப் போட்டிருக்கீங்க."

லாசரஸ் தொண்டையைக் கனைத்தார். இலை எப்படியோ போகட்டும், தட்டில் வந்தது பச்சை இலை, தாமே மோந்தது என்றார்.

"ஈரச் சாக்குல சுத்தின கிளை சில நாள் வாடாது. நீங்க வந்தது மரம் வெட்டின மூணாம் நாள்னு அம்மா சொன்னாங்க" என்றார் சாம்பசிவன். "அதை விடுங்க. நேத்து இந்த வீட்ல எனக்கு ஆவி பிடிக்கக் குடுத்தாங்க. கிட்டு, நீ ஓட்டுக்கு மேல என்ன பாத்தே?"

"துறட்டி. முருங்கைக்காய் பறிச்சாங்க."

"இந்தக் காம்பவுண்டுல முருங்கை மரம் எங்க இருக்கு?"

கிட்டு சுற்றிப் பார்த்தான். கிணறு, துவைக்கிற கல், நிற்கிற ஒற்றைத் தைல மரம். துறட்டி எட்டக்கூடிய வேறு மரமே அங்கே இல்லை.

"இந்த வீட்டு வழக்கம் அம்மா எனக்குச் சொல்லியிருந்தாங்க. எலுமிச்சை இலை பீரோவுக்கு, மத்த மரத்து இலை ஆவிக்கு. மாத்திப் போடற பழக்கம் கிடையாது. எனக்கு ஆவி போட்ட இலை இந்த மரத்துல பறிச்சது. அது எலுமிச்சையா இல்லை. என் மூக்கைத் திறந்துது."

"அடைச்ச மூக்குக்கு என்ன சாட்சி?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"உள்ள போகும்போதுதான் அடைச்சிருந்துது. வெளிய வரும்போது மீன் குழம்பு மணந்துது. பானையிலயும் மூக்கை விட்டேன், எலுமிச்சை மருந்துக்கும் இல்லை." அவர் கைக்குட்டை ஒன்றை விரித்தார். உள்ளே வெந்து கறுத்த இலை. கிட்டு அதை மோந்துவிட்டுத் தலை குனிந்தான். தைலம்.

"எங்கயோ பறிச்ச இலை அது" என்று கத்தினான் ஐசக். "இவர் கொண்டுவந்து போட்டது. எங்க அக்கா கூலிக்கு ஆள் பிடிச்சு நாடகம் போடறா."

"நியாயம்தான். என்னை நம்ப வேண்டாம்" என்றார் சாம்பசிவன். "மூப்பர் ஐயா, அன்னிக்கு நீங்க மூணு பேரும் மரத்துக்கு எவ்வளவு கிட்டப் போனீங்க?"

மூன்று பேரும் வராந்தாவைத் தாண்டியதே இல்லை. மதிப்புள்ளவர்களைத் தேடி எல்லாம் நாற்காலிக்கு வரும். அது அந்த ஊர் மரியாதை. காபி வந்தது, இலையும் வந்தது. காபியை எந்தப் பாலில் போட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. இலையை எந்த மரத்தில் பறித்தாய் என்றும் யாரும் கேட்கவில்லை.

லாசரஸ் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். ஐசக் வராந்தாப் படியில் குறுக்கே நின்றான். என் இடம், என் மரம், யார் தொட்டாலும் போலீஸுக்குப் போவேன் என்றான். மூப்பர் தயங்கினார். எட்டாத உயரத்தில் இலை. துறட்டி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

சமையலறைப் பக்கமிருந்து தபீதாள் வந்தாள். கையில் துறட்டி. புருஷனைச் சுற்றிக்கொண்டு போய் அதை லாசரஸிடம் நீட்டினாள்.

"உள்ள போ" என்றான் ஐசக்.

அவள் போகவில்லை. மூப்பர் கழியை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, மரத்தடிக்கு நடந்தார். ஒரு கொத்து இறங்கியது. மூன்று பேரும் ஆளுக்கொரு இலை கசக்கி மோந்தார்கள். பிறகு லாசரஸ் மிச்சத்தை ஐசக் பக்கம் நீட்டினார். அவன் கையை நீட்டவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு அதற்குமேல் முடிவுரை தேவைப்படவில்லை. அன்று உன்னை உட்காரச் சொன்னது நான்தான் அம்மா என்று ரத்தினபாயிடம் அவர் முணுமுணுத்தார். ஆமாம், நீங்கள்தான் என்றாள் அவள். மன்னிப்பு என்ற சொல் இரண்டு பக்கமும் வரவில்லை.

ஐசக் பெண்டாட்டியிடம் திரும்பினான். "ஒரு தும்மலுக்காகக் குடும்பத்தைக் காட்டிக் குடுத்திட்டே."

"எலுமிச்சை இலையைப் போட்டா அவருக்கு இருமல் வந்திருக்கும்" என்றாள் தபீதாள். குரல் உயரவில்லை. "மாமா ராத்திரி பூரா இருமினது இன்னும் என் காதுல இருக்கு. மூணு பேர் வந்து உக்காந்து மோந்தாங்க. எந்த மரத்து இலைன்னு என்னை ஒருத்தரும் கேக்கலை. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ரத்தினபாய் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். கெட்டிக்காரி என்று முந்தின நாள் ஏளனம் செய்தது இவளைத்தான். பிறகு, யாருக்கோ தண்டனை சொல்கிற குரலிலேயே சொன்னாள்:

"கிணத்துல உனக்கும் ஒரு கயிறு உண்டு, தபீதா. அவனுக்கு இல்லை. நீ இறைச்சு அவனுக்கு ஊத்தினா அது உன் பாடு."

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு கேட்டைத் திறந்து போய்விட்டாள். ஐசக் அந்த மொட்டை மரத்தை முறைத்தபடி நின்றான். தபீதாள் துறட்டியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவளுக்கு அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன காத்திருந்தது என்பது ஊகிக்க முடியாத விஷயம் அல்ல.

சாம்பசிவனும் கிட்டுவும் ஸ்டேஷன் வரை நடந்தார்கள். ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருந்தபோது கிட்டு கேட்டான்:

"அந்த வீட்டம்மா பழக்க தோஷத்துல பறிச்சாங்களா அண்ணா, இல்லை வேணும்னே பறிச்சாங்களா?"

"துறட்டியை யார் கொண்டுவந்து குடுத்தா?" என்றார் சாம்பசிவன். நன்றாக, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். எரிந்த கரி, மல்லிகை, சாக்கடை, எல்லாம் வந்தது. சந்தைக்காரர் மகன், கணக்குப் பார்க்காமல் அவரால் ஒரு காரியத்தை மூட முடியாது. விரலை மடக்கினார்.

"ஆவி போட்ட அந்தம்மாகிட்ட நாம வாங்கினது ஒரு மூக்கு. நாம அவங்ககிட்டேருந்து எடுத்து நாத்தனாருக்குக் குடுத்தது ஒரு கிணறு. அவங்களுக்குத் திரும்பி வந்தது ஒரு கயிறு."

"மிச்சம்?"

"நாம அவங்களுக்கு வெச்ச பாக்கிதான்" என்றார் சாம்பசிவன்.